முந்திரிக் கட்டைக்கு ஒரு பொட்டு

என் தங்கச்சி உண்ணாமலைக்கு நாற்பத்தொரு வயது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ரோட்டோரம் கொட்டகை போட்டு முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிறவள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு கையும் தோல் உரிந்து கறுத்துவிட்டது. குழம்புச் சோற்றைக் கையால் பிசைந்தால் எரியும் என்று ஸ்பூனில்தான் சாப்பிடுவாள். புருசன் லாரியில் அடிபட்டுச் செத்து ஒன்பது வருசம். டிராக்டர் கவிழ்ந்து நான் கால் முறிந்து பதினொரு மாதம் கிடந்தபோது, இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் கையில் இருக்கிற ஒரு சாண் புளியங்கட்டையால்தான். அதால் ஒரே தட்டு. ஓடு பிளக்கும், பருப்பு நொறுங்காது.

அந்தக் கட்டைக்கு மட்டும் எங்கள் வீட்டு ஆயுத பூசையில் இடம் கிடையாது.

புரட்டாசியில் வருசா வருசம் டிராக்டர், மண்வெட்டி, அரிவாள், என் மகன் சூர்யபிரகாஷின் லேப்டாப், துருப்பிடித்த ஸ்பேனர் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையில் ஏறும். அவள் கட்டை சாக்குக்கு அடியில் கிடக்கும். பூசை வைக்கிறவர் சித்தப்பா தங்கமுத்து. புருசன் இல்லாதவள் பொருள் சாமி வரிசைக்கு ஆகாது என்பது அவர் வைத்த சட்டம். அவள் அவித்த சுண்டல் மட்டும் அவருக்கு ஆகும், இரண்டு தடவை வாங்கித் தின்பார். எட்டு வருசம் நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். என் மேலேயே எனக்கு இருக்கிற கோபத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருசம் சித்தப்பா தன் டிவிஎஸ் வண்டியையும் வரிசையில் நிறுத்திப் பொட்டு வைத்தார். பொட்டு வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டும்வரை எவரும் தொடக் கூடாது என்று உத்தரவு வேறு. தேங்காய் உடைக்க அரிவாளில் கை வைக்கப்போன என் பெண்டாட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவர் கை கழுவப் போன நேரம் பார்த்துக் கட்டையை எடுத்து வந்தேன். டிராக்டர் சக்கரத்துக்கும் அவர் வண்டிக்கும் நடுவில் வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தேன்.

திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார்.

“எவன்டா இத இங்க வச்சது? தூக்கி அங்கிட்டுப் போடு.”

நான்தான் என்றேன். அவரே குனிந்து கையை நீட்டினார். அடுப்படி வாசலில் நின்ற உண்ணாமலை குரலை உயர்த்தவில்லை.

“பொட்டு வச்சாச்சு சித்தப்பா. நாளைக்குக் காலையிலதான் தொடணும். இப்பத்தான அண்ணியச் சத்தம் போட்டீங்க?”

நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. இந்தக் குடும்பம் உருப்படாது, இனி வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்துப் போனார்.

“அதுக்கும் பொட்டு வச்சிருக்கு,” என்றேன். “நடந்தே போங்க.”

தூறலில் இரண்டு கிலோமீட்டர் நடந்தார். சுண்டல்கூட வாங்கவில்லை.

மறுநாள் காலை கற்பூரத்தை நானே காட்டினேன். வெயில் ஏறுமுன் உண்ணாமலை கொட்டகைக்குப் போய்விட்டாள். கட்டையில் பொட்டு இருந்த பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு, மறுபக்கத்தால் உடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியை எடுக்கச் சித்தப்பா அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

வரட்டும். பார்க்கட்டும்.