பையில் இருந்த பீஸ் கட்டை

கம்பத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தபோது, சுருளிப்பட்டியிலிருந்து ஒரு திராட்சை விவசாயி சிபியூவைத் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். நரைத்த மீசை. சட்டைப் பையில் கனமாக ஒரு பீஸ் கட்டை. கிணற்று மோட்டாரை வேறு யாரும் போட்டுவிடக் கூடாதென்று, கரண்டுப் பெட்டியிலிருந்து அதைக் கழற்றிப் பையிலேயே வைத்திருப்பாராம். பேசும்போது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மதுரையில் ஒரிஜினல் சிடி வாங்கி, கார் ரேஸ் விளையாட்டு போட்டிருக்கிறார். அன்றிலிருந்து மகளின் கல்யாண சிடி ஓடவில்லை.

“சிடி போயிருச்சா சார்? வீட்டுல என்னைய உள்ள விடமாட்டாக.”

விளையாட்டை யாரும் திருட்டு காப்பி எடுக்காமலிருக்க, அந்தக் கம்பெனி கூடவே ஒரு பூட்டு மென்பொருளையும் சொல்லாமல் ஏற்றியிருந்தது. அதுதான் சிடி டிரைவை மறித்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“காசு குடுத்து வாங்குன எனக்கு எதுக்கு சார் பூட்டு? களவாணிப்பய எப்படியும் தொறந்துருவான்!”

விளையாட்டையும் பூட்டையும் நீக்கிவிட்டுக் கல்யாண சிடியைப் போட்டேன். மாப்பிள்ளை தாலி கட்டினார். “அப்பாடா” என்று நெஞ்சில் கை வைத்தவர், பீஸ் கட்டை தட்டுப்பட்டதும் திடுக்கிட்டார். அது அவருக்கும் தம்பிக்கும் பொதுவான கூட்டுக்கிணறு; அன்று தண்ணீர் பாய்ச்சுவது தம்பியின் முறை.

உடனே செல்போனில் கூப்பிட்டார். “ஏலே, பீஸ் கட்டை எங்கிட்டல்ல இருக்கு! தண்ணிக்கு என்ன பண்ணுன?”

தம்பியின் குரல் எனக்கே கேட்டது. “காலையிலேயே பாய்ச்சி முடிச்சிட்டேண்ணே. எங்கிட்ட வேற கட்டை ரொம்ப நாளா இருக்குல்ல.”

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு அந்தக் கட்டையை வெளியே எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதியா, ஏமாற்றமா, எனக்கு இன்றும் விளங்கவில்லை. போகும்போது அதைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டுதான் போனார்.