சண்டை இல்லாத வீடு

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக என் கணவரின் காபியை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினேன். அப்போதுதான் எங்கள் தேவாலயப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஃபிலோமினா டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். கூடத்தில் என் கணவரின் போனும் ஒலித்தது. அவரும் படித்தார். என்னிடம் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை.

மனம் கசந்த தம்பதிகளைச் சேர்த்து வைக்க டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போகும் விதம் பங்கு மக்களான உங்களுக்குத் தெரியும். முதலில் சாப்பாடு கேட்பார். மனைவி சோறு வைக்க வேண்டும், கணவன் குழம்பு ஊற்ற வேண்டும். "பசியோட பஞ்சாயத்து பண்ணக்கூடாதும்மா" என்பார்.

நொச்சிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். கையில் குழம்புக் கரண்டியோடு அந்த மனிதர் கத்தினார்.

"இன்னா டீச்சர், இவள வாய மூடச் சொல்லு!"

"நீ மொதல்ல நேரத்துக்கு வூட்டுக்கு வா!" என்றாள் அவள்.

டீச்சர் சிரித்தார். "நல்லா சண்டை போடுங்க. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு இன்னும் ஒறைக்குதே! கொழம்ப மட்டும் பாத்து ஊத்து நைனா, இது புதுப் பொடவை."

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டார்: "உங்க வீட்ல கடைசியா எப்ப சண்டை?"

"எங்க வீட்ல சண்டையே கிடையாது டீச்சர்." பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடையாறு வரும்வரை விடவில்லை.

பிறகு, திருமணத் தயாரிப்பு வகுப்பில் பேச அவரை அழைப்பதைப் பங்குப் பேரவை நிறுத்தியது. கணவரைப் பிரிந்து வாழ்பவர் மணமக்களுக்கு என்ன சொல்ல முடியும் என்றார்கள். அவர் இடத்தில் எங்களை முன்மாதிரித் தம்பதியாக உட்கார வைத்தார்கள். மறுக்காமல் உட்கார்ந்தேன். அந்த மேடையில்தான் என் கணவர் என் முகம் பார்த்துச் சிரிப்பார். வீட்டில் எங்களுக்குள் கரண்ட் பில், மகளின் கல்லூரி, அவ்வளவுதான் பேச்சு. டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார். ஒருநாள் வெளியே வரும்போது மெதுவாகச் சொன்னார்: "இங்க சொன்னத வீட்லயும் அவர்ட்ட ஒரு தடவ சொல்லிப் பாரும்மா."

சொல்லவில்லை.

டீச்சரின் அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் எங்களிடம் வந்து, "டீச்சர் வேலைய இனி உங்கள மாதிரி ஜோடிதான் எடுத்து நடத்தணும்" என்றார். என் கணவர் தலையசைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

தன் வாழ்க்கையை யாரிடமும் டீச்சர் மூடி வைத்ததில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த மறைக்காத குணத்தைத்தான். அடுத்த வகுப்பில் நாங்கள் பேசப்போவதில்லை. ஃபாதரிடம் உதவி கேட்கப் போகிறேன், எங்கள் இருவருக்காக. இதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. பங்கு மடலில் அச்சிட இந்த அஞ்சலியைக் கொடுப்பதற்கு முன் என் கணவரிடம் சொல்வேன். கோபப்படுவார்.

படட்டும்.