சகலையின் லாஞ்சர்

ஒருவரை உள்ளபடி அறிந்துகொள்ள அவர்மேல் அன்பு வேண்டுமா, பொறாமையே போதுமா? மேக் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் அந்த மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தால் பொறாமையே தாராளம் என்றுதான் தோன்றும். தம் சகலையைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்தச் சகலையைப் பெற்றவர்களுக்கும் தெரியாது, கட்டிக்கொண்டவளுக்கும் தெரியாது.

கடையில் அவருக்குத் திருப்புளி என்று பெயர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்குரூ முடுக்கும் மூன்று சின்னத் திருப்புளிகள் நிற்கும். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசை. முழங்கை படுகிற இடத்தில் அதன் வர்ணமே போய்விட்டது. வேலை தெரிந்த கைதான். அதைவிட வேலை தெரிந்த கைகள் அதே தெருவில் இரண்டு உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் மாமனார் வீட்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது. எந்தப் பெட்டியில் எந்த விளக்கு எரியாவிட்டாலும் "பெரிய மாப்பிள்ளை வரட்டும்" என்று துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். ஆறு வருடத்துக்கு முன் மைத்துனியைக் கட்டிக்கொண்டு சின்ன மாப்பிள்ளை வந்தார். அதோடு அந்தத் துணிக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

சின்னவர் புரோகிராம் எழுதுகிறவர். அக்காளும் தங்கையும் சின்னவர் வருவதற்கு முன்பிருந்தே ஒரு ஆன்லைன் கேம் ஆடி வந்தார்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும் சனிக்கிழமை மத்தியானம் அதற்குள்தான் சந்தித்துக்கொள்வார்கள். இரண்டு வீட்டிலும் இப்போது மேக்; அந்த கேமோ மேக்கில் ஓடாது. ஓட வைக்கச் சின்னவர் ஒரு லாஞ்சர் எழுதினார். வேண்டியதையெல்லாம் இறக்கி, அடுக்கி, கேமைத் திறந்துவிடும் சிறு புரோகிராம். மனைவிக்காக எழுதியதை இணைய மன்றத்தில் இலவசமாகப் போட்டார். முகம் தெரியாத நாலாயிரம் பேர் எடுத்துக்கொண்டார்கள்.

மாமனாருக்கு அது போதும். "பெரியவர் கீபோர்டுல டீ கொட்டினா தொடச்சுத் தருவாரு. சின்னவர் அந்தக் கீபோர்டுக்குப் புத்தியே குடுப்பாரு" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். திருப்புளியும் சிரித்தார். சிரித்த வாய் சிரித்தபடி இருக்க, வயிறு மட்டும் தனியாக எரிந்தது.

அன்றிலிருந்து லாஞ்சரின் ஒவ்வொரு பதிப்பையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கலானார். எந்தப் பதிப்பில் எந்தப் பட்டன் இடம் மாறியது, எந்தப் பிழையைச் சின்னவர் சத்தமில்லாமல் திருத்தினார், எந்தப் பாராட்டுக்கு இரண்டு முறை நன்றி சொன்னார், எல்லாம் மனப்பாடம். ஒருமுறை போனில் ஒரு யோசனையும் சொன்னார். "அது கொஞ்சம் உள்ள போற விஷயம் சகலை, நான் பாத்துக்கறேன்" என்றார் சின்னவர். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் ஆறவில்லை.

போன மாசி காற்றடித்த வாரத்தில் பெரிய பதிப்பு ஒன்று வந்தது. இனி லாஞ்சர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், பழையது செல்லாது, எல்லாரும் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்கினார்கள். திறந்தால், "புதுப்பிப்பு முடிந்தது, மீண்டும் திறக்கவும்" என்றது. மீண்டும் திறந்தால் முதலிலிருந்து புதுப்பித்துவிட்டு, மீண்டும் திறக்கச் சொன்னது. செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. மன்றம் முழுக்க ஒரே கூச்சல்.

சின்னவர் தம் வீட்டு மேக் இரண்டிலும் சோதித்துவிட்டு, "என்கிட்ட ஒழுங்காத்தானே ஓடுது" என்று எழுதினார். கூச்சல் இரண்டு மடங்காயிற்று.

திருப்புளியின் வீட்டிலும் அதே சுற்றல்தான். அவர் மனைவிக்கு அதில் பெரிய கவலை ஒன்று இருந்தது. அக்காளும் தங்கையும் ஒன்பது வருடமாய்ச் சேர்த்துச் சேர்த்து அந்த கேமுக்குள் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். கடலைப் பார்த்த மாடி, படிக்கட்டின் அடியில் ஒரு அறை. சிறு வயதில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு ஒளிந்த அறையைப் போலவே செய்தது. வீடு அக்காள் பெயரில். எட்டு நாள் உரிமையாளர் உள்ளே வராவிட்டால் வீட்டை இடித்து மனையை ஏலத்தில் விட்டுவிடுவார்கள். தங்கை போனால் கணக்கில் வராது; அக்காளின் கணக்கோ அக்காளின் மேக்கில் மட்டும்தான் திறக்கும். எட்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி.

"நான் வேணா பாக்கட்டுமா?" என்று புதன்கிழமை கேட்டார் திருப்புளி.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? இது கழட்டி மாட்டுற சமாச்சாரமா? அவர்தான் பாக்கணும்" என்றாள் மனைவி. கேலி இல்லை, குத்தல் இல்லை. தண்ணீர் கீழே பாயும் என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் மளிகைக் கடைக்குப் போனதும் அவர் மேக்கின் முன் உட்கார்ந்தார். கோளாறு பிடிபட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் இயந்திரங்களைவிட அதிகமாகப் பார்த்தது அவற்றைக் கொண்டுவருகிறவர்களின் கையை. எதை இறக்கினாலும் அது போய் விழுகிற டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே வைத்துத் திறப்பார்கள். அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு இழுத்துப் போட வேண்டும் என்று நாலில் மூன்று பேருக்குத் தெரியாது. தெரிந்தவரும் செய்யமாட்டார். அப்படி விழுந்த இடத்திலேயே திறந்தால், புதிதாய் வந்த புரோகிராமை மேக் நம்பாது. யாரும் எதுவும் எழுத முடியாத ஒரு மறைவிடத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கும். தன்னையே திருத்தி எழுதப் பார்க்கிற லாஞ்சர் அங்கே என்ன செய்யும்? எழுதியதாய் நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை பழையபடியே விழித்துக்கொள்ளும். சின்னவர் ஒழுங்கானவர், எதையும் வைக்க வேண்டிய இடத்தில் வைக்கிறவர். அதனாலேயே அவர் வீட்டில் அந்தக் கோளாறு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

அப்ளிகேஷன்ஸுக்கு ஒரே இழுப்பு, தீர்ந்தது. ஒரு விரல் வேலை. திருப்புளி விரலை எடுத்துவிட்டார்.

மன்றத்தில் 'திருப்புளி' என்ற பெயரிலேயே அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது பதினோரு வரி எழுதினார். முதல் வரி: "இதை எழுதியவர் சாதாரண மனிதர் ஒருவர் கம்ப்யூட்டரைத் தொடுவதை ஒருநாளும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை." மீதிப் பத்து வரியில் நோயும் மருந்தும். அனுப்பவில்லை. ஞாயிறு பதினொன்றரைக்கு அனுப்புவதாகத் திட்டம். அதற்குள் நாலாயிரம் பேரும் சின்னவரைக் கைவிட்டிருப்பார்கள். மனைவி அழுகிற நிலைக்கு வந்திருப்பாள். அப்போது அவள் கண்ணெதிரே அந்த ஒரு விரலை நீட்டலாம். பசித்தவனுக்குச் சோறு போடுவது புண்ணியம்தான். பசி முற்றட்டும் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ன என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வியாழன், வெள்ளி, சனி. கடையில் பாட்டரி மாற்றிக்கொண்டே போனில் மன்றத்தைப் படித்தார். திட்டு விழ விழ, கை லேசாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் மனைவி முதல்முறையாகச் சும்மா உட்கார்ந்திருந்தாள். தங்கையிடம் போனில், "போனாப் போகட்டும்டி, வெறும் படம்தானே" என்றாள். பிறகு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திருப்புளி எழுந்தார். மேக் வரைக்கும் போனார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிறு பத்தே முக்காலுக்குச் சின்னவரே கூப்பிட்டார்.

"சகலை, பிஸியா?"

"இல்ல, சொல்லுங்க."

"லாஞ்சரை எடுத்துடறேன் சகலை. மொத்தமா. 'முடியல, மன்னிச்சுடுங்க'ன்னு எழுதி வெச்சுட்டேன், போட வேண்டியதுதான் பாக்கி. ஒருத்தன் எழுதறான், நான் வேணும்னே கெடுத்தேனாம். ஆறு வருஷம் சும்மா செஞ்சு குடுத்ததுக்கு. அண்ணியோட வீட்டையும் என்னால காப்பாத்த முடியல. அவங்ககிட்ட பேச மூஞ்சி இல்ல, நீங்களே சொல்லிடுங்க."

அந்த வார்த்தைக்காக ஆறு வருடம் காத்திருந்தவர் திருப்புளி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மேக்கில் பதினோரு வரி தயாராக இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க. ஒண்ணு பண்ணுங்க. உங்க மேக்ல புதுசா ஒரு யூசர் போடுங்க. யாரோ மாதிரி மன்றத்துக்குப் போய் நீங்க போட்டதை நீங்களே இறக்குங்க. இறங்கி விழுந்த இடத்துலயே திறங்க."

"எதுக்கு?"

"சும்மாதான். கடைல நாங்க அப்படித்தான் பாப்போம். வேற எங்கயும் நகத்தாதீங்க."

போனுக்குள் தட்டும் ஓசை. பிறகு நாற்காலி பின்னால் போகிற ஓசை.

"சகலை! சுத்துது! எனக்கும் சுத்துது! இருங்க, இருங்க... அட, லாஞ்சர் எங்கேருந்து ஓடுது? இது டவுன்லோட்ஸே இல்லையே. வேற எங்கயோ வெச்சில்ல ஓட்டுது! எழுதவே விடாத இடம்! சகலை, கண்டுபிடிச்சுட்டேன்!"

"அப்படியா?" என்றார் திருப்புளி.

சின்னவர் விளக்கினார். மேக் ஏன் அப்படிச் செய்கிறது, லாஞ்சர் ஏன் ஏமாந்தது, இதை எவனும் சுலபத்தில் பிடித்திருக்க முடியாது என்பதெல்லாம். திருப்புளி "ஓ" என்றார். "அடடே" என்றார். ஓர் இடத்தில் சின்னவர் தப்பாகச் சொன்னதைக்கூடத் திருத்தவில்லை.

"அண்ணிகிட்ட போனைக் குடுங்க, மணியாச்சு!"

பதினொன்று பத்துக்கு அவள் ஐகானைப் பிடித்து இழுத்துப் போட்டாள். பதினொன்று இருபதுக்குக் கடலைப் பார்த்த மாடியில் நின்றாள். "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று போனில் நாலு தரம் சொன்னாள். மாமனாருக்கும் செய்தி போயிற்று. மன்றத்தில் சின்னவர், "கடைசியில் கண்டுபிடித்தேன்" என்று தொடங்கி நீளமாக எழுதினார். அன்று சாயங்காலத்துக்குள் எழுநூறு பேர் நன்றி சொன்னார்கள்.

அவளும் நன்றி சொல்லத்தான் மன்றத்தைத் திறந்தாள். வீட்டில் இருப்பது ஒரே மேக். திறந்திருந்தது கணவரின் கணக்கு. அனுப்பாத எழுத்தை மன்றம் தானே பத்திரப்படுத்தி வைத்திருந்தது. பதினோரு வரி, மேலே புதன்கிழமை தேதி. பழுதுபார்க்கிறவர், இருந்தும் அவருக்கு அதை அழிக்கத் தோன்றவில்லை.

அவள் இரண்டு முறை படித்தாள். கூடத்துக்கு வந்தாள்.

"புதன்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நாலு நாளா நான் படறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஏன் சொல்லல?"

"வயித்தெரிச்சல்" என்றார் அவர்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கோபப்படத் தயாராக வந்தவள் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். "சரி, எரிஞ்சுது. அப்புறம் எதுக்கு அதைத் தூக்கி அவர் கையில குடுத்தீங்க? அவரே கண்டுபிடிச்ச மாதிரி?" என்று கேட்டாள்.

அவர் எழுந்து மேக்கை அணைக்கப் போனார். பிறகு எத்தனையோ தடவை சாப்பிடும்போதும், பஸ்ஸிலும், ஒருமுறை சண்டைக்கு நடுவிலும்கூடக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். முதல் கேள்விக்கு எப்போது கேட்டாலும் அதே ஒரு சொல் வரும். இரண்டாவதற்கு, காதில் விழாதவர் போல இருந்துவிடுவார்.