அடிவாரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி

என் வீட்டுக்காரர் செத்துப்போனதாக நாடு முழுக்க நம்பிக்கொண்டிருந்த நாட்களில், நான் அவருக்கு மூன்று வேளையும் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரிக்கட்டும். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்துக்கு.

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை என்கிற ஊரில் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் எங்கள் டீக்கடை இருக்கிறது. கடை என் பொறுப்பு, ஜீப் அவர் பொறுப்பு. முப்பது வருடத்துக்கு மேல் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஆள் ஏற்றி இறக்கினார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருக்குப் பேச்சு நாக்கு நுனியில். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவன்கூட அவர் சொல்வதைக் கேட்கத் தலையை உள்ளே நீட்டுவான். "விழுந்து தொலைச்சியன்னா என்னைத்தான் கேப்பாங்க"ன்னு அவனுக்கும் ஒரு கதை சொல்லுவார்.

அந்த ஜீப்பில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் ஒருவனைத்தான் பின்னாளில் கட்சி எம்.பி. தேர்தலுக்கு நிறுத்தியது. மலைக்காரக் குடும்பம், அப்பாவுக்குக் கொஞ்சம் சாமைக்காடும் காப்பிச் செடியும். பையன் நொம்பக் கூச்சம். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தவனை இவர் முன்சீட்டில் உட்கார வைத்து, "எஞ்சின் சத்தத்துக்கு மேல கேக்கோணும், பேசு சாமி" என்று ஒரு மாதம் பேச வைத்தார். பரிசு வாங்கி வந்தான். அப்புறம் வக்கீலுக்குப் படித்தான், கட்சிக்குப் போனான். அந்தத் தொகுதியில் ஜெயிக்க முடியாது என்று பெரிய ஆட்கள் எல்லாரும் சீட்டு வேண்டாம் என்றதால்தான் அவனுக்குக் கொடுத்தார்கள். அவனே எங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டு சொன்னது இது.

அவனுக்கு ஓட்டுக் கேட்கக் கட்சியின் பெரிய தலைவர் டெல்லியிலிருந்து ஏற்காட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் இவருக்கு வாதம் அடித்தது. கடை வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சக்கரத்தோடு சாய்ந்தார். வலது கையும் காலும் வரவில்லை, வாய் கோணிவிட்டது. இன்னொரு ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு சேலம் கிளம்பினோம். பாதி மலை இறங்கியதும் கொண்டை ஊசி வளைவில் போலீஸ் நிறுத்திவிட்டது. தலைவர் மேலே ஏறி வருகிறார், எல்லா வண்டியும் ஓரம் கட்டு. நான் கத்தினேன், கெஞ்சினேன், அங்கே நின்ற சின்ன வயசுப் போலீஸ்காரரின் கையைக்கூடப் பிடித்தேன். அவர் முகத்திலும் பாவம்தான் இருந்தது; மேலே இருந்து உத்தரவு. முக்கால் மணி நேரம். என் வீட்டுக்காரர் தலை என் மடியில் இருந்தது. கார் மேல் காராகப் போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனபின் எனக்கு ஒன்றும் நினைவில்லை. கட்சியின் கிளைச் செயலாளர் எங்கள் ஊர்க்காரர், போனில் கேட்டிருக்கிறார். கூட வந்த டிரைவர், "டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னது கை கால் பழையபடி வருவது கஷ்டம் என்றுதான். கிளைச் செயலாளர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். மேடையில் பேசுகிறவருக்குக் கீழே இருந்து சீட்டு அனுப்புவது கட்சிக்கூட்டத்து வழக்கம். 'நேரம் ஆச்சு, முடிங்க' என்று ஒன்று. 'இவர் பேரை விட்டுட்டீங்க, சொல்லுங்க' என்று ஒன்று. அந்த மாதிரி ஒரு சீட்டுக் கிழித்து, 'நம்ம ஜீப் அண்ணன் காலமாகிவிட்டார், வழியில் வண்டியை நிறுத்தியதால் தாமதம்' என்று எழுதி மேடைக்கு அனுப்பிவிட்டார்.

அப்போது மைக் முன்னால் நின்றது நம் பையன். தலைவருக்கு நன்றி சொல்லி ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டியவன். வீடியோவை நான் பல நாள் கழித்துத்தான் பார்த்தேன். சீட்டைப் படிக்கிறான். கையில் இருந்த பேப்பரை மடித்துப் பையில் வைக்கிறான். கூட்டத்தைப் பார்க்காமல் தலைவர் பக்கமாகத் திரும்பி நிற்கிறான்.

"ஐயா, நீங்க மேல வர்றதுக்காக இன்னைக்கு ஒரு ஜீப்பை மலையில நிறுத்தி வெச்சாங்க. அதுல இருந்தவரு இந்த மலையில ஜீப் ஓட்டறவரு. எனக்குப் பேசக் கத்துக்குடுத்தவரு. அவரு செத்துப் போயிட்டாருங்க. உங்க பேரைச் சொல்லி ஓட்டுக் கேக்கறவன் நான். இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். இனிமே நம்ம வண்டி நிக்கட்டும், நோயாளி வண்டி போகட்டும்."

இதையே இங்கிலீஷில் ஒரு தரம் சொன்னான். குரல் உடையவில்லை, அழவில்லை. எஞ்சின் சத்தத்துக்கு மேல் கேட்கிற குரல். தலைவர் எழுந்து வந்தார், மைக்கை வாங்கிக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். "என் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல இத்தனை பெரிய கட்சியில் இதுவரை ஆள் இல்லை. இவர் டெல்லியில் என் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்குள் அந்த ஏழு நிமிட வீடியோ ஊர் ஊராக, பாஷை பாஷையாக அடியில் எழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டது. எல்லாரும் வேண்டாம் என்ற தொகுதிக்கு டி.வி.க்காரர்கள் வரிசை கட்டினார்கள்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. என்னிடம் இருந்தது பட்டன் போன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் தினமும் வந்து இவருக்கு முதலில் அவர் பேரையே சொல்லக் கற்றுக்கொடுத்தது. ஏழாம் நாள் பேர் வந்தது. கொழகொழவென்றுதான் வந்தது, ஆனாலும் வந்தது. எனக்கு அழுகை தாங்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பெண் சொன்னது: "நாலு பேரு நடுவுல உக்கார வைங்கம்மா. பேசட்டும், தப்பாப் பேசினாலும் பேசட்டும். இப்ப விட்டுட்டா அப்புறம் வராது."

காரில் திரும்பி வருகிறோம். அடிவாரத்தில் டீ குடிக்க டிரைவர் வண்டியை நிறுத்தினார். எதிரே பத்தடி உயரத்துக்கு ஒரு பேனர். கண்ணீர் அஞ்சலி. நடுவில் என் வீட்டுக்காரர், வோட்டர் ஐ.டி.யில் இருக்கிற அதே முழிப்போடு. கீழே வேட்பாளராக நம் பையன் கைகூப்பி நிற்கிறான். தேர்தல் நேரத்தில் கட்சி பேனர் வைக்க விடமாட்டார்கள். செத்தவருக்கு வைக்கிற பேனரை யார் கழற்றச் சொல்வார்கள்? கிளைச் செயலாளரின் மூளை அது. இவர் பேனரைப் பார்த்தார். இடது பக்க வாயால் சிரித்தார். நான் சிரித்தேன், அப்புறம் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. டீக்கடையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த கத்தியை வாங்கிப் போய்க் கைக்கு எட்டிய வரைக்கும் கிழித்தேன். வேட்பாளரின் முகம்தான் கைக்கு எட்டியது.

பேனரைக் கிழித்த சேதியோடு இவர் உயிரோடு இருக்கிற சேதியும் அவனுக்குப் போயிருந்தது. இரண்டாம் நாள் காலை, பனி விலகாத நேரத்தில், அவன் டூவீலரில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் தனியாக வந்தான். வீட்டுக்குள் வந்ததும் இவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏஞ்சாமி, உசுரோட இருக்கற மனுசனுக்குப் பாடை கட்டிட்டியே" என்றேன்.

"சீட்டுல அப்படித்தானுங்க்கா இருந்துச்சு. படிச்சதும் கண்ணு இருட்டிருச்சு. நெசமான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலைங்க."

"ஊரே நம்புது. நாளைக்கு இந்த மனுசன் கடை வாசல்ல உக்காந்தா என்னன்னு சொல்லுவ?"

"உண்மையத்தானுங்க சொல்லோணும். டெல்லியில இருந்து, ஓட்டு முடியற வரைக்கும் வாயைத் தொறக்காதேங்கறாங்க. சொன்னா பொய் சொல்லி ஓட்டு வாங்கறான்னு பேராகி எல்லாம் போயிருமாம். போனாப் போகுதுங்க. இன்னைக்கே மேடையில சொல்லிடறேன்."

சொல்லும்போது அவன் கண்ணில் பொய் இல்லை. நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் இவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உள் அறையைக் காட்டினார். நான் உள்ளே இருந்துகொள்கிறேன், நீ போய்ப் பேசு. வார்த்தை இல்லாமலே எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. அவன் பேசிய மேடையைத் தன் மேடையாக நினைத்தார் மனுசன்.

"ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு, மறந்துட்டீங்களா?" என்று நான் கத்தினேன். "நாலு பேருகிட்டப் பேசலைன்னா பேச்சு வராது. ஏங் கண்ணு, உனக்குத்தான் சொல்றேன், கேக்குதா?"

அவன் இவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மூணே வாரந்தானுங்க்கா" என்றான். ஒளிய வேண்டாம், உண்மையைச் சொல்லிடறேன் என்று அவன் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த வயதில் அந்த வாசல் திறந்தால் யார்தான் நிற்பார்கள்?

மூன்று வாரம் அவர் கடையை ஒட்டிய எங்கள் வீட்டு உள் அறையில் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஜீப் வந்து நிற்கும், டிரைவர்கள் கிண்டல் அடிப்பார்கள், இவர் காதை அங்கேயே வைத்துக்கொண்டு கட்டிலில் கிடப்பார். ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வெளியே சொல்லவில்லை. கடைக்கு வந்த டி.வி.க்காரப் பெண் என்னைப் பார்த்து, "உங்க இழப்பைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றபோது, டீ ஆற்றிக்கொண்டே, "எனக்கு வேலை இருக்குது, போங்க" என்றேன். நான் ஒருத்தி அவரிடம் எவ்வளவுதான் பேசுவது? காலையில் கடை, மத்தியானம் கடை. சோறு ஊட்டும்போது பேர் சொல்லுங்க என்பேன். முதல் வாரம் சொன்னார். இரண்டாம் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். அந்தப் பாவம் என்னுடையது.

ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் காலையில் வெள்ளைச் சட்டையைக் காட்டி எடுக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே. ஒரு கையால் தானே சட்டையை மாட்டப் பார்த்தார். சரி என்று பட்டன் போட்டுவிட்டு, தோளைக் கொடுத்து நடத்திக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடத்து வாசலில் கிளைச் செயலாளர் ஓடி வந்தார். "அக்கா, இன்னைக்கு ஒரு நாளுங்க. எதிர்க்கட்சி ஏஜென்ட் உள்ள இருக்கான். பாத்தா போட்டோ எடுத்துப் போட்டுருவான்."

"உங்க சீட்டால இவரு செத்தது போதும். வழிய விடுங்க" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் விலகி எங்களை முன்னே விட்டார்கள். உள்ளே மேஜையில் இருந்த அதிகாரி வெளியூர்க்காரர். வோட்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க பேர் சொல்லுங்கய்யா" என்றார்.

இவர் வாயைத் திறந்தார். நாக்கு மேலே போனது, கீழே வந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டாம் தரம் முயன்றார். அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார். மூன்றாம் தரம் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எங்கேயோ வைத்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி.

பெஞ்சில் இருந்த எதிர்க்கட்சி ஏஜென்ட் பக்கத்து ஊரான வெள்ளக்கடைக்காரர், இவர் ஜீப்பிலேயே போய் வந்தவர். வோட்டர் லிஸ்டைப் பார்த்துக்கொண்டே அவர் இவர் பேரைச் சொன்னார். "ஆளு சரிதானுங்க. போடட்டும்." அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, எங்கேயும் போய்ச் சொல்லவும் இல்லை. இவர் இடது கையால் அந்தப் பையனுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

பையன் ஜெயித்தான், நினைத்துப் பார்க்க முடியாத வித்தியாசத்தில். நன்றி சொல்ல ஏற்காட்டுக்கு வந்த முதல் கூட்டத்திலேயே உண்மையையும் சொன்னான். எனக்கு வந்த தகவல் தவறு, அண்ணன் உயிரோடு இருக்கிறார், அது என் தவறு என்றான். கூட்டம் கைதட்டியது. பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது. ஒருவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அவன் ஒரு படிகூட இறங்கவில்லை. இதற்கா மூன்று வாரம்? பழைய வீடியோ இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் இவர் இன்றைக்கும் செத்துக்கொண்டிருக்கிறார்.

நல்லதும் நடந்தது, மறைக்கக் கூடாது. போன மாதம் ஒரு மந்திரி வந்தபோது, பிரசவத்துக்கு இறங்கிய ஜீப்பைப் போலீஸே விசில் ஊதி முன்னால் அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன். மந்திரி கார்கள் ஓரமாக நின்றன. அந்த இடத்திலேயே நின்று அழுதேன்.

இப்போது கட்சிக்கு அடுத்த தலைவர் அவன்தான் என்று டி.வி.யில் பேசுகிறார்கள். டெல்லியிலிருந்து மாதம் ஒரு தரம் கூப்பிடுவான். போன வாரமும் கூப்பிட்டான். மறுநாள் பெரிய மாநாட்டில் பேச வேண்டுமாம். குரல் கொஞ்சம் பதற்றமாக இருந்தது.

"அக்கா, அண்ணனுக்குப் பேச்சு வந்துருச்சுங்களா? அதை மட்டும் சொல்லுங்க. மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்லைங்க."

அன்றைக்கு ஓட்டுச்சாவடியில் வராத பேர் இவருக்கு இன்னும் வரவில்லை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், போன் சத்தம் அவருக்கும் கேட்கும். கேட்டவன் மேல் கோபம் வரவில்லை எனக்கு. உள்ளதைச் சொன்னால் நாளைக்கு அந்த மைக் முன்னால் அவனுக்கு வாய் எழும்பாது என்பது மட்டும் தெரிந்தது.

"வந்துருச்சு சாமி" என்றேன். "நல்லாப் பேசறாரு. நீ போய்ப் பேசு."

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.