கடைசி வரியையும் வாசித்தார்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் கொழும்பில் கண் பரிசோதகர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். தொண்ணூறில் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு ஒரு கடிதம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை சும்மா இருக்க மனமில்லை. இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று பட்டணத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில். மற்றது ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்கில் உதவியாளர் வேலை. அம்மாவுக்குக் கடைதான் விருப்பம். நான் கிளினிக்கைத் தெரிந்தெடுத்தேன். கண்ணாடி விற்பதைவிடக் கண்ணைப் பார்ப்பது பெரிய காரியம் என்று நினைத்தேன். பத்தொன்பது வயதுப் பெருமை.

நோயாளிகளைத் தூரத்தில் இருத்தி எழுத்துப் பலகையை வாசிக்க வைப்பதும் கண்ணுக்குத் துளி மருந்து விடுவதும்தான் என் வேலை. மின்சாரம் இல்லாததால் பலகையை யன்னல் வெளிச்சத்தில் மாட்டியிருந்தோம்.

அப்பா கோப்பாயில் தபாற்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, முழங்காலில் உரசல் காயத்தோடு கிளினிக் வாசலில் வந்து நின்றார். சைக்கிளோடு மதிலில் மோதியிருந்தார். அந்த மாதத்தில் அது இரண்டாந்தரம்.

"வந்தனீங்கள்தானே அப்பா, இருங்கோ, கண்ணைப் பாப்பம்" என்றேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை தடங்கலில்லாமல் வாசித்தார். மற்றக் கண்ணாலும் அப்படியே.

"உங்கடை கண் என்ரை கண்ணை விட நல்லாயிருக்கு. டொக்டருக்குக் காட்டத் தேவையில்லை."

"நீ பாத்தால் போதும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். டொக்டரைப் பார்ப்பதற்கான துண்டுகூட நான் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

எட்டு மாதம் கழிந்தது. ஒரு நாள் டொக்டர், வயல் செய்யும் ஒரு கமக்காரரை முன்னால் இருத்தி, தன் விரலைப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய மனைவியிடம் சொன்னார்: "இது கண் அழுத்தம். ஓரப் பார்வையைத்தான் முதல்லை தின்னும். நேரை இருக்கிற எழுத்தைக் கடைசி மட்டும் வாசிப்பார். அதாலை ஒருத்தருக்கும் தெரியாது."

என் கையில் துளி மருந்துப் போத்தல் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டேன். மதில் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்று கைகாட்டியவர்களை அப்பா பாராமல் போனதும், தபாற்காரருக்கு இப்போது பெருமை என்று ஊரில் கதைத்ததும் நினைவுக்கு வந்தன.

பின்னேரம் வீட்டில் அவருக்கு எதிரே இருந்தேன்.

"என்ரை மூக்கை மட்டும் பாருங்கோ. விரல் ஆடுறது தெரிஞ்ச உடனை சொல்லுங்கோ."

என் காதுக்கு அப்பாலிருந்து விரலை ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்தேன். கன்னத்தருகே வந்துவிட்டது. அவர் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் தொடங்கேல்லையே பிள்ளை?" என்று கேட்டார்.

டொக்டர் வரும் நாளில் அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அம்மாவும் கூட வந்தார். பரிசோதித்து முடித்த டொக்டர், செத்த நரம்பு திரும்பாது, மிஞ்சியதைத்தான் மருந்தால் காப்பாற்றலாம் என்றார்.

"ஒரு ஏழெட்டு மாதத்துக்கு முந்தியாவது வந்திருக்கலாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "எனக்குத்தான் நேரம் கிடைக்கேல்லை டொக்டர்."

"எத்தினை தரம் சொன்னனான், காட்டுங்கோ எண்டு!" என்று அம்மா அவரை ஏசினார். அவர் ஏச்சை வாங்கிக்கொண்டார். நான் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை வாங்கி மடித்தேன்.

மருந்து சில மாதம் வந்தது, பல மாதம் வரவில்லை. பார்வை மேலும் சுருங்கி, அப்பா வேலையை விட்டார். அதன் பிறகுதான் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. போகமாட்டேன் என்றேன்.

"நீ போகாமல் விட்டால் என்ரை கண் வருமே? போய்ப் படி."

புலிகளிடம் வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து, படகில் கிளாலிக் கடலேரியைத் தாண்டிக் கொழும்புக்குப் போனேன்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி, எங்கள் வலிகாமம் பகுதிச் சனம் முழுவதும் வெளியேறியபோது அம்மா அவரைக் கையில் பிடித்துச் சாவகச்சேரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். இரண்டு மாதம் கழித்துத்தான் அம்மாவின் கடிதம் கிடைத்தது. சன நெரிசலில் கை விட்டுப்போனதாம். அப்பா நடு றோட்டில் நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். யாரோ ஒரு பெண்பிள்ளை, அம்மா தேடி வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றதாம். "அந்தப் பிள்ளையின்ரை பேரைக் கேக்க மறந்துபோனன்" என்று அம்மா எழுதியிருந்தார்.

விடுதிக் கட்டிலில் இருந்து பதில் எழுதத் தொடங்கினேன். அப்பாவுக்கு நான் எழுதுவதை அம்மாதான் வாசித்துக் காட்டவேண்டும். அன்று கிளினிக்குக்கு வந்தவரைக் கண் நல்லாயிருக்கு என்று திருப்பி அனுப்பியது நான் என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் சுகமாக இருக்கிறேன், படிப்பு நன்றாகப் போகிறது என்று மட்டும் எழுதினேன்.