ஸ்டெல்லா தட்டிய ஒரு வரி

இன்று எங்கள் மலையூர் ஒண்டிக்கடை கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு காபி எஸ்டேட்டுக்கு ஆர்டர் வாங்கும் இணையதளம் செய்கிறோம். அதற்குத் தேவையான, பெர்ல் என்ற கணினி மொழியின் துணை நிரல்களைச் சேலத்திலிருந்து ஃப்ளாப்பியில் கொண்டுவருவது நான்தான். ஒன்றை ஏற்றினால் அது இன்னொன்றைக் கேட்கும். மறுபடி பஸ் ஏறுவேன்.

புதிதாகச் சேர்ந்த ஸ்டெல்லா இன்று இணையத்தில் நுழைந்து ஒரே ஒரு வரி தட்டினாள்.

"எது எது வேணும்னு அதுவே பாத்து எறக்கிக்குமுங்க," என்றாள்.

இணையம் வரும் டெலிபோன் லைன் கட்டாகிவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டினேன். தூறலுக்கே கட்டாகிற லைன் இன்று கொட்டும் மழையிலும் கட்டாகவில்லை. ஆர்டர் பக்கம் அழகாகத் திறந்தது.

முதலாளி என்னிடம் சொன்னார்: "நீங்க நொம்ப அலைஞ்சிட்டீங்க. இனி இத ஸ்டெல்லாவே பாக்கட்டுங்க."

இந்த மின்னஞ்சல் குழுவில் அந்த வரி முன்பே தெரிந்த நண்பர்கள் தயவுசெய்து இன்று மட்டும் பதில் எழுதாதீர்கள்.