உசிலைத் துளிரும் எட்டு வெள்ளாடுகளும்

காலை ஏழடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது நான் முதலில் கண்டது ஒரு வெள்ளாட்டின் பின்பக்கம். வெட்டி விட்டிருந்த ஓர் உசிலை மரத்தின் அடிக்கட்டைமேல் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு அது துளிர் தின்றுகொண்டிருந்தது. அந்தத் துளிரைக் காட்டத்தான் காட்டிலாகா ரேஞ்சர் என்னைக் கம்பத்திலிருந்து இருட்டோடு கிளப்பி அழைத்து வந்திருந்தார். மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு நான் பள்ளத்தாக்குச் சேதிகளை எழுதி அனுப்பி வந்த காலம் அது.

மலைமேல் பெரியாற்று அணை எழும்பிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் காளவாசல்களுக்கு எவ்வளவு விறகு போனாலும் போதவில்லை. அரசாங்கக் காட்டுக்குச் சட்டம் இருந்தது. பட்டாக்காட்டை மொட்டையடிக்க, உடையவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அங்கே ரேஞ்சருக்கு வாய் ஒன்றுதான் ஆயுதம். அதை அவர் துருப்பிடிக்க விட்டதில்லை.

இந்தக் காட்டின் உடையவருக்குக் கீழே வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. காட்டிலிருந்து இறங்கும் ஓடைதான் அதற்குத் தண்ணீர். பக்கத்துக் காட்டுக்காரர் மொத்தத்தையும் விறகுக்கு விற்றுவிட்டார். அவர் பக்கத்து ஓடை மாசியிலேயே வற்றியது. அதைக் காட்டித்தான் ரேஞ்சர் இவரை வளைத்தார். காட்டை எட்டுத் துண்டாக்கி வருஷத்துக்கு ஒன்றை வெட்டுவது, தரையோடு சாய்வாக வெட்டுவது, அடிக்கட்டையின் துளிர் வளரும்வரை மாடு விடாமலிருப்பது, இதுதான் அவர் யோசனை. இவரும் ஒரு துண்டை வெட்டிப் பார்த்தார். "துளுத்துச்சுன்னா ஐயா சொல்றபடி. துளுக்கலைன்னா தையில மொத்தத்தையும் காளவாசலுக்குக் குடுத்துருவேன்" என்பது பேச்சு.

மாடுகளை அவர் ஒழுங்காக விரட்டினார். முள்வேலியும் போட்டார். வேலிக்குள் இப்போது எட்டு ஆடுகள் இருந்தன.

"ஆடு யாருடையது?" என்று கூட வந்திருந்த உடையவரைக் கேட்டார் ரேஞ்சர்.

"வீட்டுல உள்ளதுக."

"அப்படியானால் உங்களுடையதுதானே?"

உடையவர் அவரைப் பரிவோடு பார்த்தார். "ஐயாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையோ?"

ஆடுகள் அவர் மனைவியின் சிறுவாடு. பிறந்த வீட்டில் கொடுத்த ஒரு குட்டியிலிருந்து பெருகியவை. இந்தப் பக்கத்தில் ஒருவன் தன் நஞ்சையை யாரையும் கேட்காமல் விற்பான். மனைவியின் சிறுவாட்டில் ஒரு குட்டியை அதட்டமாட்டான்.

அந்த அம்மாள் ஆடுகளைத் தேடி வந்தபோது, ரேஞ்சர் ஓடை, வேர், மழை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அம்மாள் முழுவதும் கேட்டார்.

"இதையெல்லாம் அவுககிட்டச் சொன்னீகளா?"

"மூன்று தடவை."

"எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல. இங்கன உங்ககிட்டத் தலையாட்டிட்டு, வீட்டுக்கு வந்து வாயே தெறக்கலை எங்க வீட்டுக்காரவுக."

உடையவர் வேலியில் ஒரு முள்ளைச் சரிசெய்தார்.

"சரி, என் ஆடு என்னத்தத் திங்கும்?"

"தழை அறுத்துக் கொட்டிலில் போடலாம்" என்றார் ரேஞ்சர்.

"கொடிக்கால்ல கழிக்கிற அகத்தித் தழை அம்புட்டும் இவுக காளைக்குத்தான் போகுது. பாதி என் ஆட்டுக்கு வரட்டும். இவுகளே கொண்டாரட்டும். ஆளு விட்டா வழியிலயே பாதி கொறைஞ்சுரும்."

வடுகபட்டிச் சந்தைக்குப் போனால்கூடக் குடை பிடிக்க ஓர் ஆளோடு போகிறவர் உடையவர். "நான் தலையில கட்டுச் சுமந்துக்கிட்டு ஊருக்குள்ள வரவா?"

"காட்டை வித்துப்புட்டுக் கொடிக்காலுக்குக் கொடங்கொடமாத் தண்ணி சுமக்குறதுக்கு இது லேசுதான். எது வேணும்னு நீங்களே பாத்துக்கங்க."

ரேஞ்சர் ஏதோ சேர்க்க வாய் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அப்படி ஒன்றை அவரிடம் நான் அதற்குமுன் கண்டதில்லை.

உடையவர் குனிந்து, அடிக்கட்டையில் ஆடு கடித்த துளிரைத் தொட்டுப் பார்த்தார். "ஆடு வாய்வைக்கலைன்னா திரும்பத் துளுக்குமா?"

"ஐப்பசி மழை இருக்கிறது. துளிர்க்கும்."

"இந்தாத்தா, ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போ" என்றார் மனைவியிடம். குரலில் அதட்டல் இல்லை.

தை பிறந்ததும் காளவாசல் குத்தகைக்காரர் பதில் கேட்க வந்தார். சேதிக்காக நானும் போனேன். முதலில் காட்டைப் பார்த்தோம். வெட்டிய துண்டில் துளிர்கள் முழங்காலுக்குமேல் நின்றன. வீட்டில் உடையவர் இல்லை.

"தழைக்குப் போயிருக்காக. இப்ப வந்துருவாக" என்றார் அம்மாள்.

சிறிது நேரத்தில் தெருமுனையில் ஓர் அகத்திக்கட்டு தெரிந்தது. அதன் கீழே உடையவர் வந்தார். எதிரே வந்த இரண்டு பேர் வழிவிட்டு நின்று, பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

"என்னங்க, காட்டைப் பத்தி என்ன முடிவு பண்ணினீக?" என்றார் குத்தகைக்காரர்.

கட்டை இறக்காமலே, "விக்கிறதில்லைங்க" என்று சொல்லிவிட்டு உடையவர் நேரே கொட்டிலுக்குப் போனார்.

கொட்டிலில் அப்போது ஆடுகள் பதினொன்று இருந்தன.